புகையே வராத கரி பாதுகாப்பானதா? விறகு, கரி, ஆந்த்ரசைட், கேஸ்: கானாடுகாத்தான் அடுப்படியில் இருந்து ஒரு கணக்கு

கானாடுகாத்தானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் முகப்பைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், வண்ணக் கண்ணாடி என்று போன் மெமரி நிறைந்துவிடும். வீட்டின் கடைசிக் கட்டில் இருக்கும் அடுப்படி வரை நடந்து போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆனா சாப்பாட்டுக்கு மட்டும் எல்லோருக்கும் அந்த அடுப்படிதான் வேண்டும். காரைக்குடி வட்டாரத்தில் மட்டுமல்ல, சென்னை பைபாஸ் ஓரத்திலும் 'விறகு அடுப்பு சமையல்' என்ற போர்டுக்குத் தனி மவுசு. அபார்ட்மென்ட் பால்கனியில் கரி போட்டு கிரில் சிக்கன் சுடுவதும், மலை ஊர் ஹோம்ஸ்டேயில் ராத்திரி குளிருக்கு கரி அடுப்பு மூட்டிக்கொள்வதும் இப்போது சகஜம். 'விறகு புகையும்; கரி புகையாது, அதனால் அறைக்குள் வைக்கலாம்' என்ற நம்பிக்கையும் கூடவே வருகிறது.

நிலக்கரியிலேயே உயர்ந்த ரகம் என்று சொல்லப்படும் ஆந்த்ரசைட்டை வெளிநாடுகளில் வீட்டு அடுப்பில் எரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். நிறைய சூடு, கொஞ்சம்கூடப் புகை இல்லை. அப்படியென்றால் அது நம்ம ஊர் அடுப்புக்கும் சரிப்படுமா? விறகு, கரி, ஆந்த்ரசைட், கேஸ் நான்கில் எது லாபம், எது ஆபத்து?

கடைசிக் கட்டில் அடுப்படி வைத்தது ஏன்?

காரைக்குடியில் இருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது கானாடுகாத்தான். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை 1912-ல் கட்டப்பட்டது இங்கேதான். அரண்மனையோ, பக்கத்துத் தெருவில் உள்ள சாதாரண நகரத்தார் வீடோ, அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் முகப்பு, அதைத் தாண்டி வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றி அறைகள், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. கடைசியில் அடுப்படி, தோட்டம். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும்.

இந்த ஊரில் வீட்டைச் சூடாக்க யாரும் அடுப்பு மூட்டியதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. சித்திரை வெயிலில் இருந்து தப்பிக்கத்தான் அத்தனை உயரமான கூரையும், கனமான சுவரும், சுண்ணாம்புப் பூச்சும். அடுப்பின் சூடு வீட்டுக்குள் வராமல் இருக்க வேண்டும் என்பதே கவலை. அதான் அடுப்படியைக் கடைசிக்குத் தள்ளி, அதை ஒட்டி வானம் தெரியும் முற்றத்தை விட்டார்கள். சூடான காற்று மேலே ஏறும். ஏறுகிற காற்று புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பெரிய வீட்டுக்கு அந்த முற்றமே புகைபோக்கி.

இன்னொரு விஷயமும் உண்டு. நகரத்தார் வழக்கப்படி மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதி தனிப் 'புள்ளி'. கொஞ்ச காலத்தில் அவர்களை 'வேறு வைப்பார்கள்'. வீடு ஒன்றுதான், ஆனால் சமையல் தனி. 3 மகன்கள் இருந்தால் ஒரே கூரைக்குக் கீழே 3 குடும்ப அடுப்பு, பெற்றோருக்கு ஒன்று. இத்தனை விறகு அடுப்பும் சேர்ந்து எரிந்த வீட்டில் முற்றம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கல்யாணம், சாந்தி என்றால் தோட்டத்திலோ பின்கட்டிலோ கோட்டை அடுப்பு. தரையில் நீளமாகக் குழி எடுத்து, இருபுறமும் வைத்த கல்லின் மேல் வரிசையாக அண்டாக்களை ஏற்றுவார்கள். வீட்டு மண் அடுப்பிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது: கொடி அடுப்பு. பெரிய அடுப்பில் எரிந்து மீதியாகிற சூடு ஒரு துவாரம் வழியாகப் பக்கத்துச் சின்ன அடுப்புக்குப் போகும். அதில் வெந்நீரோ, ரசமோ சும்மாவே சூடாகிக்கொண்டிருக்கும். இன்று 'ஹீட் ரெக்கவரி' என்று சொல்கிறார்களே, அதேதான்.

ஆந்த்ரசைட் என்றால் என்ன?

நிலக்கரி எல்லாம் ஒரே சரக்கு இல்லை. செடி கொடிகள் மண்ணுக்கடியில் புதைந்து, அழுத்தமும் சூடும் ஏற ஏற, ஈரமும் வாயுக்களும் வெளியேறி கார்பன் மிஞ்சும். இந்தப் பயணத்தின் தொடக்கத்தில் இருப்பது நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட். அதில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி சூடு கிடைக்கும். நடுவில் இருப்பது அனல்மின் நிலையங்களுக்குப் போகும் பிட்டுமினஸ் ரகம். கடைசியில் இருப்பது ஆந்த்ரசைட்.

கறுப்புக் கண்ணாடி போல மினுமினுக்கும். கையில் எடுத்தால் விரலில் கரி ஒட்டாது. கார்பன் 86 சதவீதத்துக்கு மேல். நல்ல ரகத்தில் கிலோவுக்கு 7,500 கிலோகலோரி அளவில் சூடு. எரியும்போது மஞ்சள் தீ நாக்கு கிடையாது. குட்டையான நீலச் சுவாலைதான்.

புகை ஏன் வரவில்லை? விறகை அடுப்பில் வைத்தால் முதலில் எரிவது விறகே இல்லை. சூட்டில் அதிலிருந்து கிளம்பும் வாயுக்கள்தான். அவை முழுசாக எரியாமல் தப்பித்தால் அதுதான் புகை. ஆந்த்ரசைட்டில் அந்த வாயுக்கள் பூமிக்கடியிலேயே போய்விட்டன. அடுப்புக்கரியில் அவை கரி மூட்டத்திலேயே போய்விட்டன. இரண்டும் புகையாமல் எரிவதற்கு இதுதான் காரணம். ஒன்றைச் செய்ய இயற்கைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆனது, இன்னொன்றை மானாமதுரைப் பக்கம் சில நாட்களில் செய்துவிடுகிறார்கள்.

லண்டனில் 1952 டிசம்பரில் பனியும் நிலக்கரிப் புகையும் சேர்ந்து ஊரையே மூடி, ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்த பிறகு, 1956-ல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. அப்போதிலிருந்து அங்கே புகையில்லா எரிபொருளுக்கு மதிப்பு. இங்கிலாந்தில் வீட்டில் எரிக்கும் சாதாரண நிலக்கரி விற்பனை 2023 மே மாதத்தோடு முழுசாக நிறுத்தப்பட்டது. ஆந்த்ரசைட்டுக்கு மட்டும் அனுமதி தொடர்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இன்றும் ஆந்த்ரசைட் அடுப்பு வைத்த வீடுகள் உண்டு. ராத்திரி ஒருமுறை நிரப்பினால் காலை வரை நின்று எரியும் என்பதுதான் அங்கே அதன் பெரிய கவர்ச்சி. விறகு என்றால் நடு ராத்திரியில் எழுந்து போட வேண்டும்.

இந்தியாவில் ஆந்த்ரசைட் ஜம்மு காஷ்மீரில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். கானாடுகாத்தானில் ஒரு மூட்டை வாங்கிவந்து அடுப்பில் போட்டாலும் அது பற்றாது. ஆந்த்ரசைட் சுலபத்தில் தீப்பிடிக்காது. கீழே இரும்புச் சல்லடை இருந்து, அடியில் இருந்து காற்று ஏறி வர வேண்டும். மேலே கனமான படுகையாகக் கரி நிறைந்திருக்க வேண்டும். நம்ம மண் அடுப்பில் சல்லடையும் இல்லை, அடிக்காற்றும் இல்லை. முன்வாய் வழியாக விறகைத் தள்ளி எரிப்பதற்கான அமைப்பு அது. சிரமப்பட்டுப் பற்றவைத்துவிட்டால் அப்புறம் நினைத்த நேரத்தில் அணைக்கவும் முடியாது. காலையில் 10 நிமிடத்தில் காபி போட வேண்டிய வீட்டுக்கு இது தோதுப்படாது. ராத்திரி முழுக்கக் குளிர் விரட்ட வேண்டிய வீட்டுக்கான சரக்கு.

தமிழ்நாட்டுக்கும் ஒரு 'புகையில்லா கரி' இருந்தது

பழைய ஆட்களிடம் 'லெக்கோ' என்று சொல்லிப் பாருங்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். நெய்வேலி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. ஈரமான லிக்னைட்டை அப்படியே வீட்டில் எரித்தால் புகை தாங்காது. அதனால் அதை உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, காற்றில்லாமல் சூடேற்றி வாயுக்களை வெளியேற்றினார்கள். மிஞ்சிய கரிக்கட்டிதான் லெக்கோ. ஆந்த்ரசைட்டுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த நெருங்கிய உறவு என்று இதைச் சொல்லலாம். சல்லடை வைத்த கரி அடுப்பில் போட்டு, கொஞ்சம் பொறுமையாக விசிறினால் நின்று எரியும்.

பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது, கேஸ் வந்தது. லெக்கோ தயாரித்த ஆலை மூடப்பட்டது. 2006-க்குப் பிறகு தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்புத் திட்டமும், 2016 மே 1-ல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் சேர்ந்து கிராமத்து அடுப்படிக்குள் சிலிண்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனாலும் விறகு போகவில்லை. ஏன்? அதற்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஒரு சிலிண்டர் = எத்தனை கிலோ விறகு?

எரிபொருளின் கிலோ விலையை வைத்துப் பார்த்தால் விறகுதான் மலிவு என்று தோன்றும். அந்தக் கணக்கு தப்பு. எரிபொருளில் எவ்வளவு சூடு இருக்கிறது என்பது ஒன்று. அதில் எவ்வளவு பாத்திரத்துக்குள் போகிறது என்பது வேறு.

காய்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி. ஆனால் மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் அதில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும். மீதி சுவரையும், காற்றையும், சமைப்பவரின் முகத்தையும் சூடாக்கும். அடுப்புக்கரியில் கிலோவுக்குச் சுமார் 7,000 கிலோகலோரி. கரி அடுப்பில் கால் பங்கு பாத்திரத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். சமையல் கேஸில் கிலோவுக்குச் சுமார் 11,000. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற வீட்டு கேஸ் அடுப்பு சோதனையில் குறைந்தது 68 சதவீத சூட்டைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். வீட்டில் பர்னர் அழுக்கு, ஜன்னல் காற்று எல்லாம் போக 60 என்று வைப்போம்.

இப்போது கூட்டிப் பார்த்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று பாத்திரத்துக்குக் கொடுக்கும் சூடு சுமார் 93,000 கிலோகலோரி. இதே சூட்டைத் திறந்த அடுப்பில் எடுக்க 190 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். கரி என்றால் 53 கிலோ. ஆந்த்ரசைட்டை அதே மாதிரி அடுப்பில் எரிக்க முடிந்தால் 50 கிலோ. இத்தனைக்கும் பெயர் பெற்ற ஆந்த்ரசைட், அடுப்புக்கரியைவிட 3 கிலோதான் மிச்சம் பிடிக்கிறது!

ரூபாயில் பார்த்தால் இன்னும் தெளிவு. 2025 ஏப்ரலில் சென்னையில் மானியமில்லாத சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கு விறகு கிலோ 4 ரூபாய் 50 காசைத் தாண்டினாலே கேஸ்தான் லாபம். கரி கிலோ 16 ரூபாயைத் தாண்டினால் கேஸ் லாபம். உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 194-ஆல் வகுத்தால் விறகுக்கான எல்லை விலை கிடைக்கும். 53-ஆல் வகுத்தால் கரிக்கு. சுவரும் காற்று வழியும் சரியாக அமைத்து 25 சதவீதம் சூடு தரும் மேம்பட்ட விறகு அடுப்பாக இருந்தால் 93 கிலோ விறகு போதும்.

அப்படியானால் காசு கொடுத்து விறகு வாங்கி எரிக்கும் வீடு நஷ்டத்தில்தான் சமைக்கிறது. விறகு இன்னும் ஓடுவதற்குக் காரணம், பலர் அதைக் காசு கொடுத்து வாங்குவதே இல்லை. கண்மாய்க்கரையில் சீமைக்கருவேலம் சும்மா நிற்கிறது. வெட்டுவதும் சுமப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அந்த உழைப்புக்கு யாரும் பில் போடுவதில்லை. கல்யாணச் சமையலுக்கு வேறு காரணம்: பெரிய அண்டாவைச் சுற்றிப் பிடிக்கிற தீ அளவுக்கு வீட்டு பர்னர் வராது. ருசி விஷயத்தில் சண்டை போட்டுப் பயனில்லை, அது நாக்குக்கு நாக்கு மாறும்.

கரி மூட்டத்தில் தொலைகிற சூடு

சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் பஸ்ஸில் போனால் வெள்ளைப் புகை கக்கும் மண் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கரி மூட்டம். சீமைக்கருவேலக் கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோல், இலை தழை போட்டு, மண் பூசி, உள்ளே தீ வைத்து, காற்றை அளந்து விடுவார்கள். கட்டை எரியாமல் வெந்து கரியாக வேண்டும். ராத்திரி பகல் காவல். எங்காவது மண் விரிந்து காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல்தான்.

ஒரு கிலோ கரிக்கு 4 முதல் 5 கிலோ விறகு போகிறது. 5 கிலோ விறகில் 20,000 கிலோகலோரி இருந்தது. கையில் வந்த கரியில் 7,000. மீதி மூட்டத்திலேயே புகையாகப் போயாச்சு. ஒரு சிலிண்டருக்கு ஈடான 53 கிலோ கரிக்கு 210 கிலோ விறகாவது வெட்டியிருக்க வேண்டும். மரத்தின் பக்கம் இருந்து பார்த்தால் கரியில் சமைப்பது நேரடியாக விறகில் சமைப்பதைவிடச் செலவு அதிகம். வீட்டுக்காரர் கண்ணில் படாத புகை, கரி மூட்டத் தொழிலாளியின் கண்ணில் படுகிறது.

சீமைக்கருவேலத்தை அகற்ற 2022-ல் தமிழக அரசு கொள்கையே வகுத்தது. அதனால் 'இந்த மரம் போனால் நல்லதுதானே' என்று கேட்கலாம். அது தனி விவாதம்.

புகை இல்லை என்றால் ஆபத்து இல்லையா?

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

விறகுப் புகை மோசம்தான். வீட்டுக்குள் எரிக்கும் எரிபொருள் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இருமல், ஆஸ்துமா, நிமோனியா, இதய நோய், பக்கவாதம் வரை பட்டியல் நீளும். ஆனால் விறகுப் புகையிடம் ஒரு குணம் உண்டு: கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், யாராக இருந்தாலும் எழுந்து கதவைத் திறப்பார்கள். கரியும் ஆந்த்ரசைட்டும் அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதில்லை.

கங்கு கனிந்து கிடக்கும் கரி அடுப்பை உற்றுப் பாருங்கள். அடியில் காற்று படும் இடத்தில் கார்பன் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அந்த வாயு மேலே ஏறும்போது சிவந்து கிடக்கும் மற்ற கரித்துண்டுகளைத் தொட்டு, கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மேல்பரப்பில் போதுமான சூடும் காற்றும் இருந்தால் அது நீலச் சுவாலையாக எரிந்து தீர்ந்துவிடும். தீ தணிந்து சாம்பல் பூத்த நேரத்தில் அந்த நீலச் சுவாலை இருக்காது. அப்போது மோனாக்சைடு எரியாமல் நேராக அறைக்குள் வரும். 'தீ அடங்கிடுச்சு, இனி பயமில்லை' என்று அடுப்பை உள்ளே தூக்கி வைக்கிறோமே, சரியாக அந்த நேரம்தான் ஆபத்தான நேரம்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். காற்றில் 10 லட்சத்தில் 1,600 பங்கு கலந்தால் 20 நிமிடத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். 2 மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். தூங்கிக்கொண்டிருப்பவருக்குத் தலைவலி கூடத் தெரியாது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் நடந்தது இதுதான். திருச்சியில் இருந்து சுற்றுலா வந்த நண்பர்கள் கரி அடுப்பில் கிரில் சமைத்தார்கள். அடுப்பு இருந்த அறையிலேயே தூங்கிய இரண்டு பேர் காலையில் இறந்து கிடந்தார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில், ஜன்னல் கதவெல்லாம் அடைத்த ரிசார்ட் அறையில் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. கேஸும் விதிவிலக்கில்லை என்பதற்கு இது சாட்சி: போதுமான காற்று கிடைக்காமல் எரியும் எந்தத் தீயும் மோனாக்சைடு கக்கும்.

ஆந்த்ரசைட்டில் இதன் பெரிய பாடம் தென் கொரியாவுடையது. 1980-களில் நடப்பதாக வரும் கொரியத் தொடர்களைப் பார்ப்பவர்கள் அந்த உருளையைக் கவனித்திருப்பார்கள்: தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக, ஒன்று 3.5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள கறுப்புக் கட்டி. 'யொன்டன்' என்று பெயர். ஆந்த்ரசைட் பொடியை அழுத்திச் செய்தது. கொரிய வீடுகளில் தரைக்கு அடியில் சூடான காற்று ஓடும் பாதை உண்டு. அடுப்பில் யொன்டன் எரிந்தால் தரையே சூடாகும், மேலே பாய் விரித்துப் படுப்பார்கள். மலிவு, புகையில்லை, ராத்திரி முழுக்க நிற்கும். ஆனால் தரையில் ஒரு விரிசல் விழுந்தால் போதும். குளிர்காலம்தோறும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் தூக்கத்திலேயே இறந்தார்கள். எண்ணெய், கேஸ் பாய்லர்கள் பரவிய பிறகுதான் அந்தச் செய்திகள் குறைந்தன.

பென்சில்வேனியாவிலும் பிரிட்டனிலும் ஆந்த்ரசைட் அடுப்பு வைத்திருப்பவர்கள் அதை அறைக்குள் சும்மா வைப்பதில்லை. மூடிய இரும்பு அடுப்பு, கூரைக்கு மேல் வரை போகும் புகைபோக்கி, அறையில் மோனாக்சைடு அலாரம். புகையே வராத எரிபொருளுக்குப் புகைபோக்கி எதற்கு என்றால், கண்ணுக்குத் தெரியாததை வெளியேற்றத்தான். பதப்படுத்தாத நிலக்கரியை வீட்டு எரிபொருளாகப் பயன்படுத்தவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மண்ணெண்ணெயையும் தவிர்க்கச் சொன்னது.

பழைய வீட்டில் தப்பியது, புது வீட்டில் தப்பாது

கானாடுகாத்தான் வீட்டில் தலைமுறை தலைமுறையாக விறகும் கரியும் எரிந்தும் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் எரிபொருளின் நல்ல குணம் இல்லை. உயரக் கூரை, எதிரெதிர் வாசல், வானம் பார்த்த முற்றம். புகையோடு மோனாக்சைடும் போய்விட்டது. (அடுப்பின் முன் குனிந்து ஊதுகுழல் ஊதியவர்களுக்கு அந்த முற்றம் முழு உதவி செய்திருக்காது, அவர்கள் முகம் தீயில் இருந்து ஒரு முழ தூரத்தில்.) இதே அடுப்பைத் தூக்கி 10-க்கு 10 அறையில், ஏசிக்காக இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் வைத்தால் நிலைமை தலைகீழ். அந்த வட்டாரத்தில் பல பழைய வீடுகள் இன்று ஹெரிடேஜ் ஹோட்டல்கள். அவற்றிலும் ஏசி அறை என்றால் கதவு ஜன்னல் மூடியே இருக்கும். அதற்குள் கங்குச் சட்டி போகக் கூடாது.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று: சாம்பிராணி. குழந்தையைக் குளிப்பாட்டி, கரிக் கங்கில் சாம்பிராணி போட்டுத் தலைக்குக் காட்டுவது பல வீட்டில் பழக்கம். சில நிமிடம் காட்டிவிட்டு எடுத்துவிட்டால் பெரிய வாயுச் சேர்க்கை இருக்காது. சாம்பிராணி தீர்ந்ததும் தூபக்கால் அறையிலேயே கிடப்பதும், தாயும் சேயும் குளிர்படக் கூடாதென்று ஜன்னலைச் சாத்துவதும்தான் பிரச்சினை. கங்கு அணையும் வரை மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு அந்தப் புகையே வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது.

சுற்றிவரும் சில நம்பிக்கைகளையும் சொல்லிவிடலாம். அறையில் ஒரு வாளி தண்ணீர் வைத்தால் விஷவாயுவை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். மோனாக்சைடு தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. அது தரையோடு தங்கும், கட்டிலில் படுத்தால் தப்பிக்கலாம் என்பதும் தப்பு. அதன் எடை கிட்டத்தட்டக் காற்றின் எடைதான், அறை முழுக்கச் சமமாகப் பரவும். தரையோடு தங்குவது கசிந்த சமையல் கேஸ். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா? தூங்கும் அறைக்கு அது போதாது, அடுப்பே வெளியே இருக்க வேண்டும். வெளியே வைத்து, மண்ணோ மணலோ போட்டு மூடுங்கள். பால்கனியில் கிரில் போட்டால் முடிந்ததும் ஹாலுக்குள் கொண்டுவர வேண்டாம், மறுநாள் காலையில் சாம்பல் குளிர்ந்த பிறகு எடுக்கலாம். குளிர் ஊரில் ஹோம்ஸ்டே எடுப்பவர்கள் பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம் ஒன்றை ஆன்லைனில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

யாராவது மயங்கிவிட்டால்?

ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்றால் 'சாப்பாடு ஒத்துக்கலை' என்று நினைத்துப் படுக்கப் போகாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 108-ஐ அழைக்க வேண்டும். உள்ளே போய் ஆளைத் தூக்குகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாகப் போய் வரட்டும். காப்பாற்றப் போனவரும் விழுவது இந்த விபத்துகளில் நடக்கிற விஷயம்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை இதற்கு நம்ப முடியாது. மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பிடித்ததையும் அந்தச் சாதாரணக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆள் மயங்கிக் கிடக்க, திரையில் 98, 99 என்று காட்டும். ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ள வாயு பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் பிடிக்கும். மருத்துவமனையில் மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அது நடக்கும். அதனால் ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே 'மூடிய அறையில் கரி எரிந்தது' என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் கர்ப்பிணி என்றால் அதையும் உடனே சொல்லுங்கள்: தாயின் ரத்தம் தெளிந்த பிறகும் கருவின் ரத்தத்தில் அந்த வாயு கூடுதல் நேரம் தங்கும், அவருக்கு ஆக்சிஜனை அதிக நேரம் தொடர வேண்டியிருக்கும்.